குடும்ப டாக்டரிடம் எதை, எப்போது, எந்த வரிசையில்: காய்ச்சல், பிரஷர், சுகருக்கு முழுமையான வழிகாட்டி

ஊரிலிருந்து அப்பா அம்மாவைச் சென்னைக்கு அழைத்து வந்தவர்கள், வேலைக்காகப் புதிதாகக் குடிவந்தவர்கள், முதல் குழந்தை பிறந்த வீட்டார் எல்லோரும் ஒரே இடங்களில்தான் தடுக்கி விழுகிறார்கள். காய்ச்சல் வந்த பிறகு டாக்டரைத் தேடுகிறார்கள். டாக்டரைப் பார்க்கும் முன்பே லேபுக்குப் போகிறார்கள். இரண்டாம் நாளே டாக்டரை மாற்றிவிடுகிறார்கள்.

தெருமுனை கிளினிக்கில் ஸ்கேன் கிடையாது. அங்கே டாக்டருக்குப் பெரிய துணை நாள் கணக்குதான். எது எப்போது தொடங்கியது, எந்த மாத்திரைக்குப் பிறகு எது மாறியது என்று தெரிந்தால் வழக்கமான நோய்களில் பெரும்பாலானவற்றை அவர் அங்கேயே பிடித்துவிடுவார். அந்தக் கணக்கை வைத்திருக்க வேண்டியது வீட்டில் இருப்பவர்கள்.

1. உடம்பு நன்றாக இருக்கும்போதே டாக்டரைப் பிடித்து வையுங்கள்

தூரம்தான் முதல் தகுதி. வேளச்சேரியில் குடியிருந்துகொண்டு அண்ணா நகரில் டாக்டர் வைத்திருந்தால், நவம்பர் மழையில் சுரங்கப்பாதையை மூடிய அன்று அவர் இருந்தும் இல்லாததுதான். நடந்தோ, பத்து நிமிட ஆட்டோவிலோ போகிற தூரத்தில் பாருங்கள்.

எம்.பி.பி.எஸ். கட்டாயம். பொது மருத்துவத்தில் எம்.டி., குடும்ப மருத்துவத்தில் டி.என்.பி. போன்றவை கூடுதல் பலம். மருத்துவ கவுன்சில் பதிவு எண் சீட்டில் அச்சாகியிருக்க வேண்டும். அதற்கு மேல் மூன்று கேள்விகள் போதும்: நீங்கள் ஊரில் இல்லாதபோது யாரிடம் போவது? அட்மிஷன் தேவைப்பட்டால் எங்கே அனுப்புவீர்கள்? இரவில் சந்தேகம் வந்தால் போன் செய்யலாமா? இதற்குச் சலித்துக்கொள்பவர் அவசரத்திலும் சலித்துக்கொள்வார்.

முதல் முறை நோயில்லாமலே போய் எடை, பிரஷர், சுகர், கிரியேட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்த டெஸ்ட்) ஆகியவற்றைப் பதிவு செய்துவிடுங்கள். நாற்பது தாண்டியவர்களுக்கு ஒரு ஈசிஜியும் எடுத்து வைப்பது நல்லது. பின்னால் ஒருநாள் கிரியேட்டினின் 1.4 என்று வந்தால், அது பழைய கதையா புதிதாக ஏறியதா என்பதில்தான் சிகிச்சையே இருக்கிறது. ஒப்பிட்டுப் பார்க்கப் பழைய எண் இல்லாவிட்டால் டாக்டரும் ஊகிக்கத்தான் வேண்டும்.

பணம் தடையாக இருந்தால் மாநகராட்சியின் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையம் இருக்கிறது. பிரஷர், சுகர் மாத்திரைகள் அங்கே இலவசம். நடக்க முடியாதவர்களுக்கு, 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மாத்திரை வீட்டுக்கே வரும். பெயரைப் பதிய அதே நிலையத்தில் கேளுங்கள்.

2. ஃபைலைத் தயார் செய்யுங்கள்

ஆளுக்கு ஒரு ஃபைல். தேதி வரிசைப்படி, புதியது மேலே. முதல் பக்கத்தில் ஒரே ஒரு தாள்: இப்போது சாப்பிடும் மாத்திரைகள், எத்தனை மி.கி., எந்த வேளை, எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, நடந்த ஆபரேஷன்கள், எடை.

“காலையில் ஒரு வெள்ளை மாத்திரை, ராத்திரி ஒரு ரோஸ் மாத்திரை” என்று சொல்வதால் பயனில்லை. அட்டையோடு எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொண்டு போங்கள். சித்த மருந்து, மூட்டு வலிக்குக் கடையில் வாங்கிய மாத்திரை, முடி உதிர்வுக்குச் சாப்பிடும் மாத்திரை எல்லாம் அந்தப் பையில் இருக்கட்டும்.

ஒரே மருந்து இரண்டு கம்பெனிப் பெயரில் வீட்டில் ஓடுவது சாதாரணம். இதய டாக்டர் ஒரு பெயரில் டெல்மிசார்டான் என்ற பிரஷர் மருந்தை எழுதியிருப்பார், பொது மருத்துவர் வேறு பெயரில் எழுதியிருப்பார். இரண்டையும் விழுங்குபவர் காலையில் எழுந்து நிற்கும்போது தலை சுற்றி விழுவார். கூட்டு மாத்திரைகளில் இது இன்னும் எளிதாக நடக்கும். பெயரின் கடைசியில் ‘எம்’ என்று இருந்தால் பெரும்பாலும் சுகருக்கான மெட்ஃபார்மின், ‘ஏஎம்’ என்றால் பிரஷருக்கான அம்லோடிபின், ‘எச்’ என்றால் நீர் பிரியும் மாத்திரை கலந்திருக்கும். அட்டையின் பின்பக்கம் சின்ன எழுத்தில் உள்ள மருந்துப் பெயரைப் படித்துத்தான் தாளில் எழுத வேண்டும்.

ஈசிஜி அச்சாகும் தாள் சென்னை வெயிலில் சீக்கிரம் மங்கிவிடும். வாங்கிய அன்றே போட்டோ எடுத்து, ஜெராக்ஸும் போட்டு வையுங்கள்.

3. கிளினிக்குக்குப் போகாமல் 108-ஐ அழைக்க வேண்டியவை

டோக்கன் வாங்கி உட்கார்ந்தால் நேரம் வீணாகும் நிலைமைகள் இவை:

– நெஞ்சு அழுத்தம், தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி, வியர்த்துக் கொட்டுவது. சுகர் உள்ளவர்களுக்கு வலியே இல்லாமல் மூச்சு வாங்குவதும் மேல் வயிறு பிசைவதும் மட்டுமே இருக்கலாம். “கேஸ்தான்” என்று ஓமத்தண்ணீரிலும் சோடாவிலும் கழியும் ஒரு மணி நேரத்தில் இதயத் தசை செத்துக்கொண்டிருக்கும். முதலில் ஈசிஜி, கேஸ் அப்புறம்.

– வாய் கோணுவது, ஒரு கை தொங்குவது, பேச்சுக் குழறுவது. இவை பக்கவாதத்தின் அறிகுறிகள். மூளையில் அடைத்த ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு, தொடங்கிய நேரத்திலிருந்து நாலரை மணி நேரம்தான் கெடு. கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார் என்று குறித்துச் சொல்லுங்கள். சிடி ஸ்கேனுக்கு முன் ஆஸ்பிரின் கொடுக்காதீர்கள். ரத்தக் கசிவாக இருந்தால் அது மேலும் கெடுக்கும்.

– மூன்று மாதம் நிறையாத குழந்தைக்கு 100.4 டிகிரி காய்ச்சல். குழந்தை சிரித்துக்கொண்டிருந்தாலும் காத்திருக்காதீர்கள். இதற்குக் குழந்தைகள் பிரிவு உள்ள ஆஸ்பத்திரிக்கே போக வேண்டும்.

– வலிப்பு, மூச்சுத் திணறல், நினைவு தப்புவது.

நாய்க்கடிக்கும் நேரம் முக்கியம். உடனே ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே தடுப்பூசிக்குப் போக வேண்டும். மஞ்சளோ சுண்ணாம்போ வைத்தால் கிருமி உள்ளேயே தங்கும்.

4. டாக்டர் முன்னால் உட்கார்ந்ததும்

மாலைக் கூட்டத்தில் உங்களுக்குக் கிடைப்பது சில நிமிடங்கள். என்ன தொந்தரவு, எத்தனை நாளாக, எது புதிதாக மாறியது, இந்த வரிசையில் சொல்லுங்கள். “டாக்டர், அம்மாவுக்கு மூணு நாளா காய்ச்சல், இன்னிக்குக் காலையிலிருந்து வயிறு வலிக்குதுங்கிறாங்க” என்றால் போதும், அவர் மனசில் பட்டியல் ஓடத் தொடங்கிவிடும். “டைஃபாய்டு மாதிரி இருக்கு டாக்டர்” என்று நோயின் பெயரைச் சொல்லிப் போனால், பேச்சு முழுதும் அந்தப் பெயரைச் சுற்றியே போய்விடும்.

நோயாளியையே பேசவிடுங்கள். கூட வந்தவர் விட்டுப்போனதைச் சேர்த்தால் போதும்.

“ஒரு ஊசி போட்டுடுங்க டாக்டர், சீக்கிரம் சரியாகும்” என்று நீங்களாகக் கேட்காதீர்கள். வாயால் சாப்பிட முடிகிறவருக்குச் சாதாரணக் காய்ச்சலில் ஊசியால் கூடுதல் லாபம் எதுவும் கிடையாது. டெங்கு சந்தேகம் உள்ள நேரத்தில் இடுப்பில் போடும் டைக்ளோஃபெனாக் ஊசி ரத்தக் கசிவுக்கு வழி செய்யும். டிரிப்ஸும் அப்படித்தான். பாட்டிலில் இருப்பது உப்புத்தண்ணீர் அல்லது சர்க்கரைத் தண்ணீர். குடிக்க முடிகிறவருக்கு அது வேண்டியதில்லை.

வெளியே வருமுன் கேட்க வேண்டியது ஒன்றே: எந்த நாளுக்குள் சரியாகவில்லை என்றால், எது நடந்தால், திரும்ப வர வேண்டும்? பதிலைச் சீட்டிலேயே எழுதி வாங்குங்கள்.

5. காய்ச்சல்: ஒன்றாம் நாள், இரண்டாம் நாள் என்று எண்ணுங்கள்

அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கியதிலிருந்து பொங்கல்வரை சென்னைக் கிளினிக்குகளில் காய்ச்சல் கூட்டம்தான். வைரஸ், டெங்கு, மலேரியா, டைஃபாய்டு, எலிக்காய்ச்சல், உண்ணிக்காய்ச்சல் எல்லாமே முதல் இரண்டு நாள் ஒரே மாதிரிதான் இருக்கும். அதனால்தான் டாக்டர் முதல் நாளில் பெயர் சொல்லத் தயங்குகிறார். அதை ‘அவருக்குத் தெரியவில்லை’ என்று நினைத்து வேறு கிளினிக்குக்குப் போனால், புது டாக்டருக்குக் கணக்கு மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும்.

உடம்பு முதலில் சுட்ட தேதியும் நேரமும்தான் ஒன்றாம் நாள். அதிலிருந்து நாலு வேளை தெர்மாமீட்டர் வைத்து, மாத்திரை கொடுத்த நேரத்தோடு சேர்த்து எழுதுங்கள். கை வைத்துப் பார்த்து ‘கணகணன்னு இருக்கு’ என்பது கணக்கில் சேராது.

பாராசிட்டமால்: பெரியவர்களுக்கு 650 மி.கி., இரண்டு வேளைக்கு நடுவே குறைந்தது 6 மணி நேரம், ஒரு நாளைக்கு நாலுக்கு மேல் வேண்டாம். ஈரல் நோய் உள்ளவர்களும் குடிப்பழக்கம் உள்ளவர்களும் டாக்டரைக் கேட்டு இன்னும் குறைக்க வேண்டும். சளி மாத்திரையிலும் பாராசிட்டமால் இருக்கும். இரண்டையும் சேர்த்து எண்ணுங்கள்.

குழந்தைக்கு எடையை வைத்துத்தான் அளவு: கிலோவுக்கு 15 மி.கி. வரை. 10 கிலோ குழந்தைக்கு ஒரு வேளைக்கு 150 மி.கி. இங்கேதான் பெரிய தவறு நடக்கிறது. 5 மி.லி.யில் 125 மி.கி. உள்ள சிரப் என்றால் 6 மி.லி. 5 மி.லி.யில் 250 என்றால் 3 மி.லி. ஒரு மி.லி.யில் 100 மி.கி. உள்ள சொட்டு மருந்து என்றால் 1.5 மி.லி.தான். ‘போன தடவை ஆறு எம்.எல். கொடுத்தோமே’ என்று சொட்டு மருந்தில் அதே 6 மி.லி.யைக் கொடுத்தால் நாலு மடங்கு உள்ளே போய்விடும். பாட்டில் மாறும்போதெல்லாம் லேபிளைப் படியுங்கள்.

இப்யூப்ரோஃபென், டைக்ளோஃபெனாக், ஆஸ்பிரின் மூன்றையும் டெங்கு இல்லை என்று தெரியும்வரை காய்ச்சலுக்காகத் தொடாதீர்கள். இதயத்துக்காக ஏற்கெனவே ஆஸ்பிரின் சாப்பிடுபவர் தானாக நிறுத்தக் கூடாது. அதை டாக்டர் முடிவு செய்வார்.

எந்த நாளில் எந்த டெஸ்ட்? முதல் ஐந்து நாளுக்குள் டெங்கு என்எஸ்1. ஐந்தாம் நாளுக்குப் பிறகு ஐஜிஎம். ஐஜிஎம்மை இரண்டாம் நாளே எடுத்து ‘நெகட்டிவ்’ என்று நிம்மதியாகத் தூங்குவது இந்த நகரத்தின் வழக்கமான தவறு. குளிர் நடுக்கத்தோடு வரும் காய்ச்சலுக்கு மலேரியா ரத்தத் தடவல் எடுக்க வேண்டும். மேல்மாடித் தொட்டியிலும் கிணற்றிலும் வளரும் கொசுவால் பரவும் நோய் அது. வைவாக்ஸ் வகை என்று வந்தால் பிரைமாகுயின் 14 நாள் முழுதாகச் சாப்பிட வேண்டும். இல்லாவிட்டால், ஈரலில் ஒளிந்திருக்கும் கிருமி சில வாரத்திலோ மாதத்திலோ திரும்பவும் கிளம்பும். பிரைமாகுயின் தொடங்கும் முன், ரத்தத்தில் ஜி6பிடி என்ற நொதியின் குறைபாடு உண்டா என்று பார்த்துக்கொள்வார்கள்.

டைஃபாய்டுக்கு விடால் டெஸ்டை முதல் வாரத்தில் எடுப்பது காசைக் கரைப்பது. நம் ஊரில் நோய் இல்லாதவர்களுக்கும் அதில் ஓரளவு எண் காட்டும், நோய் உள்ளவர்களுக்கு ஆரம்பத்தில் காட்டாமலும் போகும். சந்தேகம் வலுவாக இருந்தால் ஆன்டிபயாடிக்கின் முதல் மாத்திரைக்கு முன் பிளட் கல்ச்சர் எடுக்க வேண்டும். மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கி இரண்டு மாத்திரை விழுங்கிவிட்டுப் போனால் கல்ச்சரில் கிருமி வளராமல் போகலாம்.

மழைத்தண்ணீரில் நடந்தீர்களா என்பதைச் சொல்ல மறக்காதீர்கள். கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் சேர்ந்தால் எலிக்காய்ச்சலை நினைப்பார்கள். உண்ணிக்காய்ச்சலில் அக்குள், இடுப்பு மடிப்பு, மார்புக்கு அடியில் சிகரெட் சுட்டது போல ஒரு கருப்புப் பொருக்கு இருக்கலாம். வலிக்காது என்பதால் நோயாளிக்கே தெரியாது. கூச்சப்பட்டு மறைத்தால், ஒரு பார்வையில் முடிய வேண்டியது ஒரு வாரம் இழுக்கும். குளிக்கும்போது கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டுப் போங்கள்.

டெங்குவில் ஆபத்து, காய்ச்சல் இறங்கும்போது தொடங்குகிறது. மூன்றாம் நாள் முதல் ஏழாம் நாள் வரைக்குள் உடம்பு குளிர்ந்ததும் ‘அப்பாடா’ என்று ஆபீசுக்குக் கிளம்புபவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள். ரத்தக் குழாயிலிருந்து நீர் கசிவது அப்போதுதான். விடாத வயிற்று வலி, தொடர் வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், கருப்பு மலம், அசதி, ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகாதது: இதில் ஒன்று இருந்தாலும் உடனே ஆஸ்பத்திரி. தட்டணு எண்ணிக்கையை மட்டும் கிரிக்கெட் ஸ்கோர் போலக் கேட்டுக்கொண்டிருக்காமல், அதே ரிப்போர்ட்டில் உள்ள பிசிவி (ரத்தத்தில் சிவப்பணுக்களின் சதவீதம்) முந்தைய நாளைவிட ஏறுகிறதா என்று டாக்டரிடம் கேளுங்கள். அது ஏறினால் ரத்தம் கெட்டியாகிறது என்று பொருள். நிலவேம்புக் கஷாயம் குடிப்பவர்கள் அதை டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். ஆனால் மறுநாள் ரத்தப் பரிசோதனைக்கு அது மாற்றாகாது.

6. பிரஷர்: ஒருநாள் எண்ணை நம்பாதீர்கள்

மாடிப்படி ஏறி, டோக்கனுக்குச் சண்டை போட்டு, உடனே கையில் பட்டை கட்டினால் 160 காட்டுவதில் வியப்பில்லை. அளக்கும் முன் அரை மணி நேரம் காபி, சிகரெட் வேண்டாம். சிறுநீர் கழித்துவிட்டு, முதுகைச் சாய்த்து, பாதம் தரையில் பட ஐந்து நிமிடம் பேசாமல் உட்காருங்கள். கை இதய மட்டத்தில் மேஜைமேல் இருக்க வேண்டும். பருத்த கைக்குச் சின்னப் பட்டை கட்டினால் எண் பொய்யாக ஏறும். பெரிய பட்டை கேளுங்கள்.

வீட்டில் மேல்கையில் கட்டும் மெஷினே போதும். ஏழு நாள், காலையும் மாலையும், ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை. முதல் நாள் எண்களை விட்டுவிட்டு மீதியின் சராசரியைப் பாருங்கள். வீட்டுச் சராசரி 135/85-ஐத் தாண்டினால், கிளினிக்கில் வேறுவேறு நாளில் 140/90-ஐத் தாண்டினால், பிரஷர் என்று முடிவு செய்வார்கள். காலை அளவை மாத்திரைக்கு முன்னால் எடுக்க வேண்டும். முந்தைய நாள் மாத்திரை இருபத்துநாலு மணி நேரம் தாங்குகிறதா என்று அப்போதுதான் தெரியும்.

‘பிரஷர் நார்மல் ஆயிடுச்சு’ என்று மாத்திரையை நிறுத்துவது மிகப் பெரிய தவறு. அது மாத்திரையால் வந்த நார்மல். கணுக்கால் வீங்கினால் அம்லோடிபினாக இருக்கலாம், வறட்டு இருமல் விடாவிட்டால் ராமிப்ரிலாக இருக்கலாம். இரண்டுக்கும் மாற்று மருந்து உண்டு; நிறுத்தாமல் போய்ச் சொல்லுங்கள்.

உப்பு நாளைக்கு ஒரு டீஸ்பூன், எல்லாம் சேர்த்து. ஊறுகாய், அப்பளம், கருவாடு, ஹோட்டல் சாம்பார் எல்லாம் அந்தக் கணக்கில்தான். இந்துப்பும் உப்புதான். ‘சோடியம் குறைந்த உப்பு’ என்று விற்பதில் பொட்டாசியம் இருக்கும். டெல்மிசார்டான் சாப்பிடுபவர்களுக்கும் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும் அது இதயத் துடிப்பையே குழப்பிவிடலாம்.

7. சுகர்: டெஸ்டுக்குப் போகும் முறை

வெறும் வயிறு என்றால் எட்டு மணி நேரம், தண்ணீர் குடிக்கலாம். சாப்பிட்ட பின் டெஸ்டுக்கு, முதல் வாய் வைத்த நேரத்திலிருந்து இரண்டு மணி நேரம். கை கழுவிய நேரத்திலிருந்து எண்ணினால் தவறு. ஏற்கெனவே சுகர் உள்ளவர்கள் மாத்திரையைக் கையில் கொண்டு போய், முதல் ரத்தம் கொடுத்ததும் வழக்கப்படி போட்டுக்கொண்டு சாப்பிட வேண்டும். மாத்திரை எப்படி வேலை செய்கிறது என்று பார்க்கத்தானே போகிறோம்! தினமும் நாலு இட்லியும் ஒரு வடையும் சாப்பிடுபவர் அன்று மட்டும் இரண்டு இட்லியோடு எழுந்தால், ரிப்போர்ட் அழகாக வரும், உடம்பு அப்படியே இருக்கும்.

வெறும் வயிற்றில் 126, இரண்டு மணி நேரம் கழித்து 200, எச்பிஏ1சி 6.5 சதவீதம். இவற்றை எட்டினால் சுகர். அறிகுறி எதுவும் இல்லாதவருக்கு இன்னொரு டெஸ்டிலும் உறுதி செய்த பிறகுதான் பெயர் வைக்க வேண்டும். கடும் காய்ச்சலின்போதும் ஸ்டீராய்டு எடுக்கும்போதும் சர்க்கரை ஏறும். எச்பிஏ1சி சுமார் மூன்று மாதத்துச் சராசரி என்பதால் மாதாமாதம் எடுப்பது வீண். ரத்தசோகை இருந்தால் அந்த எண் தப்பாகக் காட்டலாம். ஹீமோகுளோபின் ரிப்போர்ட்டையும் சேர்த்துக் கொடுங்கள்.

வீட்டு மெஷினில் குத்தும் முன் சோப்புப் போட்டுக் கழுவித் துடையுங்கள். மாம்பழம் நறுக்கிய விரலில் குத்தினால் மாம்பழத்தின் சர்க்கரையும் சேர்ந்து வரும்.

கிளிமிப்ரைடு வகை மாத்திரை போட்டால் உடனே சாப்பாடு. மாத்திரையைப் போட்டுவிட்டுப் பூஜை முடியட்டும் என்று காத்திருக்கும் பெரியவர்களுக்குத்தான் தாழ்சர்க்கரை வருகிறது. நடுக்கம், வியர்வை, உளறல், அளவு 70-க்குக் கீழ் என்றால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் கொடுத்து, 15 நிமிடத்தில் மறுபடி பாருங்கள். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள்.

ஆண்டுக்கு ஒருமுறை கண் விழித்திரை, கால் உணர்ச்சி, சிறுநீரில் ஆல்புமின், கிரியேட்டினின், கொழுப்பு. வலி இல்லாததால் தள்ளிப்போடுவது இந்த ஐந்தைத்தான். டாக்டர் கேட்காவிட்டால் நீங்கள் கேளுங்கள்.

8. தைராய்டு, இருமல்

தைராய்டு மாத்திரையை எழுந்ததும் தண்ணீரில் போட்டு, ஃபில்டர் காபிக்கு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் காத்திருங்கள். இரும்பு, கால்சியம் மாத்திரைக்கு நாலு மணி நேர இடைவெளி. இல்லாவிட்டால் மருந்து குடலில் ஏறாது, டாக்டர் டோஸை ஏற்றிக்கொண்டே போவார். டோஸ் மாறினால் ஆறு வாரம் கழித்துத்தான் டிஎஸ்எச் என்ற தைராய்டு ரத்த டெஸ்ட். முடிக்கான பயோட்டின் மாத்திரை லேபின் எண்ணைக் குழப்பும் என்பதால் இரண்டு நாள் முன்பே நிறுத்துங்கள்.

இரண்டு வாரம் தாண்டிய இருமலுக்குச் சளிப் பரிசோதனை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம், டிபி என்றால் மருந்தும் இலவசம். அதற்கு முன் லீவோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக்கை வாங்கிச் சாப்பிட்டால் இருமல் கொஞ்சம் அடங்கி டிபி மறைந்துகொள்ளும்.

9. ஸ்பெஷலிஸ்ட்டிடம் போவதும் திரும்பி வருவதும்

தலைசுற்றலுக்கு நேராக நரம்பு டாக்டரிடம் போவார்கள். காரணம் காதாக இருக்கும், ரத்தசோகையாக இருக்கும், கூடுதலாகப் போன பிரஷர் மாத்திரையாக இருக்கும். குடும்ப டாக்டரிடம் ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு போங்கள். இதுவரை என்ன பார்த்தோம், உங்களிடம் என்ன கேட்கிறோம் என்று நாலு வரி இருந்தால் அதே டெஸ்டுகள் திரும்ப நடக்காது.

ஆஸ்பத்திரியிலிருந்து டிஸ்சார்ஜ் ஆன வாரத்திலேயே, சம்மரியையும் புது மாத்திரைகளையும் பழைய மாத்திரைப் பையையும் குடும்ப டாக்டரிடம் கொண்டு போங்கள். எது நின்றது, எது புதிது, எது எத்தனை நாளைக்கு மட்டும் என்று அவர் ஒவ்வொன்றாகப் பிரிப்பார். நின்றுபோன அட்டைகளை அங்கேயே தனியாக எடுத்துவிட்டு, ஃபைலின் முதல் தாளைக் கிழித்துப் புதிதாக எழுதிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்புங்கள்.